ஆறாவது ஆணி

“அடிச்சது உங்க கை, நொண்டுறது என் குதிரை. நடுவுல கல்லு எங்கிட்டிருந்து பாய் வந்துச்சு?” என்று விருமாண்டி கோச்சடைத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தபோதுதான், லாடக்காரர் நாகூர் கனி உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி தன் முன்னிடது காலைத் தரையிலிருந்து இரண்டு விரற்கடை தூக்கிக்கொண்டது. அன்று புதன்கிழமை, பதினொன்றே கால் மணி. வாசலில் விருமாண்டியின் குதிரை சிட்டுவும் அதே காலைத்தான் தூக்கியபடி நின்றது. நாகூர் கனி சாய்ந்த வாக்கிலேயே, குதிரையை ஆற்றுப்பக்கம் ஓட்டியிருப்பாய், கூழாங்கல் குத்தியிருக்கும் என்றார். இன்னும் இருபது நாளில் வண்டிப்பந்தயம் என்றார் விருமாண்டி. வேறு ஆளை வைத்து லாடத்தைக் கழற்றிக்கொள் என்று கூட்டத்தில் யாரோ சொன்னதற்கு, அடித்தவரே பிடுங்கட்டும் என்று குதிரையைக் கைப்பிடியில் நடத்திக்கொண்டு போய்விட்டார். கல் இல்லை என்பது நாகூர் கனிக்கும் தெரியும், தெருவுக்கும் அரைகுறையாகத் தெரியும்.

நடந்தது இதுதான். அதற்கு இரண்டு நாள் முன்னால் திருமங்கலத்திலிருந்து மாப்பிள்ளை முபீன் வீட்டார் நாகூர் கனியின் மகள் ஷிபாவைப் பெண் பார்க்க வந்தார்கள். சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வருகிறோம் என்றவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அவர் மனைவி சாயிரா பானு எதிர்வீட்டில் கண்ணாடித் தம்ளர் இரவல் வாங்க ஓட, நாகூர் கனியோ அழுக்குக் கைலியோடு சிட்டுவின் குளம்பை மடியில் வைத்திருந்தார். முபீனின் அத்தா உள்ளே போகாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்று, ஓர் ஆணிகூடப் பிசகாமல் இறங்குகிறதே என்று மெச்சினார். சரியாக இறங்கும் ஆணி ‘ணங்’ என்று சொல்லும். மெச்சிய மறுநிமிடம் அடித்த ஆறாவது ஆணி ‘மக்’ என்றது. உள்சதையில் ஏறிவிட்டது. சிட்டுவின் தோள் ஒருமுறை சிலிர்த்தது. பிடுங்கி வேறு இடத்தில் அடிக்க அரை நிமிட வேலை. சம்பந்தியாகப் போகிறவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று நாகூர் கனி ஆணியின் தலையில் இன்னும் ஒரு போடு போட்டார். சர்பத் தட்டோடு கதவோரம் நின்ற ஷிபா சுத்தியல் சத்தத்திலேயே வளர்ந்த பெண். அவள் காதிலும் அது விழுந்தது.

புதன்கிழமை ஒரு நாற்காலியோடு நின்றது, நாகூர் கனி கூழாங்கல் கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொல்லப் பரவியது. வியாழக்கிழமை அவர் வீட்டுக் கட்டில், பீரோ, தையல் மெஷின். வெள்ளிக்கிழமை மொக்கைச்சாமி டீக்கடை பெஞ்சு, அழகம்மாள் வீட்டு டிவி மேசை. எல்லாமே முன்னிடது காலைத்தான் தூக்கின. அட்டையை மடித்து அடியில் வைத்தால், அந்த அட்டையின் கனத்துக்குக் கால் இன்னும் மேலே போனது. ஆடு மாடு நாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, முக்காலிகளுக்கும் இது பொருந்தவில்லை. சர்க்கரை கடன் கேட்கும் சாக்கில் பெண்கள் ஒவ்வொருவராகப் போய் சாயிரா பானுவின் கட்டிலில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். எல்லோர் வீட்டிலும் சர்க்கரை இருந்தது. நாகூர் கனி தலையை உயர்த்தாமல் பள்ளிவாசலுக்குப் போய் வந்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அதுதான் அவருக்குப் பொறுக்கமுடியவில்லை.

பெண் பிடித்துப்போனதால் ஞாயிற்றுக்கிழமையே நிச்சயதார்த்தம். சோழவந்தான் பந்தல்காரர் ஷாகிர் இறக்கிய நூறு நாற்காலிகளும் தரையைத் தொட்டதும் காலைத் தூக்கிக்கொண்டன. திருமங்கலத்து ஆட்கள் அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது, ஓடும் பஸ் வளைவில் திரும்புவது போலிருந்தது. முபீனின் அத்தாவின் வெள்ளைச் சட்டையில் ரோஸ்மில்க் கொட்டியது. என்ன நாற்காலி இது என்று அவர் கேட்க, தரை மேடு பள்ளம் என்று சாயிரா பானு சொல்ல, தன் நாற்காலியில் குறை இல்லை என்று ஷாகிர் சண்டைக்கு வந்தார்.

அப்போது பட்டுச்சேலையோடு ஷிபாவே வாசலுக்கு வந்தாள்.

“தரை சரியாத்தான் இருக்கு. அத்தா, அந்த ஆறாவது ஆணி மக்குன்னுச்சுல்ல?”

“கேட்டுச்சும்மா” என்றார் நாகூர் கனி.

அவர் உள்ளே போய் ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்துக்கொண்டு, நிச்சயத்துக்குப் போட்ட புதுச் சட்டையோடு நடந்தார். பின்னாலேயே பெண்வீடு, மாப்பிள்ளைவீடு, சமையல்காரர்கள், ஷாகிர், அழைப்பே இல்லாத தெருக்காரர்கள் நாங்கள் எல்லோரும் போனோம். விருமாண்டியின் கொட்டகையில் குந்தி, சிட்டுவின் காலை மடியில் வைத்து ஆணியைப் பிடுங்கினார். சீழும் ரத்தமும் புதுச் சட்டையில் வடிந்தன.

“கல்லு இல்லய்யா விருமாண்டி. அடிக்கும்போதே தெரியும். ஆள் பாக்குதேன்னு விட்டுட்டேன்.”

ஐந்து நாளாகத் திட்டுகளைச் சேர்த்து வைத்திருந்த விருமாண்டி, வேட்டி அவிழ்ந்த மனிதனைப் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டு, வெந்நீரும் மஞ்சளும் எடுத்து வரப் போனார். திரும்பி வந்து பார்த்தால் நூறு நாற்காலிகளும் நாலு காலில் நின்றன. திருமங்கலத்து ஆட்கள் நேராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், போன் பண்ணுகிறோம் என்று சொல்லிப் போனார்கள், பண்ணவில்லை.

சிட்டு அந்த வருடப் பந்தயத்தில் ஓடவில்லை, அடுத்த வருடம் இரண்டாவதாக வந்தது. லாடம் இன்றைக்கும் நாகூர் கனியிடம்தான். இப்போது ஆணி லேசாகப் பிசகினால்கூட, யார் நின்றாலும் பிடுங்கிவிடுகிறார். முபீன் விருதுநகரில் பெண் கட்டினான். ஷாகிர் நாற்காலி கணக்குப் பார்க்க வந்தவர் மறுபடியும் பார்க்க வந்தார், மூன்றாவது முறை தன் அம்மாவோடு பெண் கேட்டு வந்தார். அந்தக் கல்யாணத்துக்கு எல்லா நாற்காலியும் இலவசம்.

முதலில் காலைத் தூக்கிய அந்த ஒரு நாற்காலி மட்டும் இன்னும் இறங்கவில்லை. சோழவந்தானுக்குக் கிளம்பிய அன்று ஷிபா அதையும் வேனில் ஏற்றச் சொன்னாள். “அது எனக்கு வேணும்மா” என்றார் நாகூர் கனி. ஷிபா போனாள், நாற்காலி இருக்கிறது. அவர் தினமும் அதில்தான் உட்காருகிறார். யாரும் அடியில் அட்டை வைப்பதில்லை.