பளபளா தேய்த்த காசுகள்

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் பளபளா. பாத்திரக் கடை வைத்திருந்த காலம் முழுக்க அவர் வாயில் அதிகம் வந்த சொல் அதுதான். வாங்க வந்தவர் முகம் தட்டில் தெரியவில்லையென்றால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. கடையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் ஒரு கரண்டி மங்கலாகக் கிடந்தால் போதும், மெருகுப் பொடியும் துணியுமாக உட்கார்ந்துவிடுவார்.

அவர் மனைவியை எல்லோரும் டிக்கெட் அக்கா என்பார்கள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவள். கவுன்ட்டரில் சில்லறையோடு சில்லறையாக எப்போதாவது ஒரு பழைய காசு வந்து விழும். தன் பர்ஸிலிருந்து ஈடாக ஒன்றைப் போட்டுவிட்டு அதைத் தனியே எடுத்து வைப்பாள். அப்படிப் பிடித்த பைத்தியம் பிறகு முற்றிப்போய், சம்பளம் வந்ததும் பழைய காசு வியாபாரியின் வாசலில் போய் நிற்கிற அளவுக்கு வந்தது. வெள்ளியும் செம்புமாக நிறையச் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு காசும் தனித்தனி உறையில். உறைகள் எல்லாம் தட்டுகளில். தொடும்போது வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, விளிம்பைப் பிடித்துத்தான் தூக்குவாள்.

"அழுக்கைத் தொட கையுறை போடுற ஒரே ஆளு நீதான்" என்று பளபளா கிண்டல் செய்வார்.

"நீங்க கை வைக்காம இருங்க, அது போதும்" என்பாள் அவள்.

தான் எதையாவது தொலைத்துவிடுவோம் என்று அவள் பயப்படுகிறாள் என்றே அவர் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கல்யாணமாகி நாளாகிவிட்டால் சில கேள்விகள் இப்படித்தான் மூலையில் கிடக்கும். கை வைக்காவிட்டாலும் அவருடைய பங்கு ஒன்று உண்டு. புது மிக்ஸிப் பெட்டிக்குள் ஈரம் இழுப்பதற்காகப் போட்டிருக்கும் சின்னப் பொட்டலங்களைக் கடையில் சேர்த்து வைத்து, சாயங்காலம் சட்டைப் பையில் கொண்டுவந்து கொடுப்பார். காசுகளுக்கு நடுவே அவற்றை அவள் செருகி வைப்பாள். பூ வாங்கிக் கொடுத்திருந்தால்கூட அவள் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

இப்படி இருக்கையில்தான் டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வால்வு ஒன்று கெட்டுப்போயிருக்கிறது, மாற்றியாக வேண்டும் என்றார். "பார்க்கலாம் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்த மனிதர் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. டிக்கெட் அக்கா கெஞ்சினாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தாள். பாச்சா பலிக்கவில்லை. "இப்பல்லாம் மூச்சே வாங்கறதில்ல. நல்லாத்தான் இருக்கேன்" என்றார். உள்ளுக்குள் பயம். நெஞ்சைத் திறப்பார்களே என்ற பயம்.

ஆனால் அவள் தனியாகிவிட்டால் என்ன ஆவாள் என்ற கவலை மட்டும் அவரை விடவில்லை. அந்தக் கவலையைத் தீர்க்க ஆஸ்பத்திரியைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனார். உயில் எழுதினார். வீட்டு ஒயரிங்கை மாற்றினார். கடைசியாக அவள் காசுகளின்மேல் கண் போயிற்று. தீப்பிடிக்காத இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கி, படுக்கையறைத் தரையில் போல்ட் அடித்து இறுக்கினார். காப்பீடு எடுக்க நிறுவனத்தில் விசாரித்தார். ஆள் வந்து ஒவ்வொரு காசையும் பார்த்துப் படமெடுத்து மதிப்புப் போட்ட பிறகுதான் பாலிசி என்றார்கள்.

"என் காசுக்கு என்னத்துக்குங்க இவ்வளவு?" என்று அவள் கேட்டாள்.

"நான் இல்லாத காலத்துல உனக்கு ஒரு பாதுகாப்பு வேணாமா?"

அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

மதிப்பீட்டாளர் வருவதற்கு முந்தின நாள் டிக்கெட் அக்கா தன் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தாள். பளபளா பெட்டியைத் திறந்து பார்த்தார். காசெல்லாம் கறுத்தும் பழுப்பேறியும் கிடந்தன. இந்தக் கோலத்தில் காட்டினால் வருகிறவர் என்ன மதிப்புப் போடுவார்? நம் வீட்டுக்காரிக்குத் தேய்க்க நேரமில்லை, பாவம், அவள் வருவதற்குள் ஜம்மென்று ஆக்கிவிடலாம் என்று தோன்றியது. மெருகுப் பொடி டப்பாவைத் திறந்தார்.

காலையில் டிக்கெட் அக்கா வந்து செருப்பைக் கழற்றும்போதே மதிப்பீட்டாளரும் வந்துவிட்டார். கண்ணில் மாட்டும் லென்ஸும் சின்னத் தராசும் கொண்டுவந்த அமைதியான பெண்மணி. மேஜையில் வெல்வெட் துணியை விரித்தார். பளபளா மேல் தட்டு இரண்டையும் தாமே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைக் காட்டும் தகப்பன்கூட அவ்வளவு பெருமையாக நின்றிருக்கமாட்டான்.

தட்டு மின்னியது. ஜன்னல் வெளிச்சம் பட்டுச் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக ஆடியது.

மதிப்பீட்டாளர் ஒரு காசை லென்ஸில் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். லென்ஸைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"சார், இதைத் தேச்சது யாரு?"

"நான்தாம்மா! பொடி போட்டு, துணியால கைவலிக்கத் தேச்சேன். எப்படி இருக்கு?"

மதிப்பீட்டாளர் டிக்கெட் அக்காவைப் பார்த்தார். டிக்கெட் அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தக் கறுப்பு அழுக்கு இல்ல சார்" என்றார் மதிப்பீட்டாளர், நோகாமல் சொல்லத் தேடிப் பிடித்த குரலில். "வெள்ளி தானா போர்த்திக்கிட்டது. அது இருந்தாத்தான் சேகரிக்கிறவங்க விலை குடுப்பாங்க. தேச்சா மேல இருக்கற எழுத்தும் கோடும்கூட மழுங்கிடும். இந்த ரெண்டு தட்டுக்கும் வெறும் வெள்ளி எடைக்குத்தான் நான் மதிப்பு எழுத முடியும்."

பளபளாவுக்குக் காது அடைத்தது. கை வைக்காதீங்க என்று அவள் அத்தனை முறை சொன்னதெல்லாம் ஒன்று சேர்ந்து வந்து மண்டையில் இறங்கியது. இவளுக்கு ஒரு பாதுகாப்பு செய்கிறேன் என்று கிளம்பி, திருடன்கூடச் செய்யாததைச் செய்துவிட்டோமே! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

டிக்கெட் அக்கா எழுந்துபோய் மீதித் தட்டுகளை எடுத்து வந்தாள். அவை கறுப்பாக, பழுப்பாக, பத்திரமாக இருந்தன. மதிப்பீட்டாளர் முகம் தெளிந்தது.

"அப்பாடா. நல்ல காசெல்லாம் கீழதான் இருக்கு. இதை ஏன் சார் விட்டுட்டீங்க?"

"தேய்க்கலாம்னுதான் எடுத்தேன். மூச்சு வாங்கிடுச்சு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அப்படியே தரையில சாஞ்சு உட்காந்துட்டேன். அப்புறம் முடியல, எடுத்து உள்ள வச்சுட்டேன்" என்றார் பளபளா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

டிக்கெட் அக்கா அவரையே பார்த்தாள். காசுக்காகக் கலங்காத கண் இப்போது கலங்கியது.

"மூச்சே வாங்கறதில்லன்னீங்க?"

"அது... எப்பவாவது..."

"தரையில கிடந்திருக்கீங்க. நான் அங்க அக்காகூட உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன்."

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மதிப்பீட்டாளர் பக்கம் திரும்பினாள். டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த காலத்துக் குரல் வந்துவிட்டது.

"உள்ளதை உள்ளபடி எழுதுங்கம்மா. ஒண்ணு கேக்கறேன். தேச்ச காசு திரும்பக் கறுக்குமா?"

"கறுக்கும். முன்ன மாதிரியே வரும்னு சொல்ல முடியாது. மருந்து கிருந்து போட்டுக் கறுக்க வைக்கக் கூடாது. நல்ல உறையில போட்டு, அப்பப்போ எடுத்துப் பார்த்துக்கிட்டுப் பொறுமையா இருக்கணும். இருபது வருஷமாவது ஆகும்."

"இருபது வருஷம்" என்று டிக்கெட் அக்கா திருப்பிச் சொன்னாள். பிறகு புருஷனிடம், "காதுல விழுந்துச்சா?" என்றாள்.

"விழுந்துச்சு."

"யாரு தேச்சாங்களோ அவங்கதான் பார்த்துக்கணும். நான் பார்க்க மாட்டேன். இந்த ரெண்டு தட்டும் இனிமே உங்க பொறுப்பு."

"இருபது வருஷத்துக்கு நான் எங்கம்மா போறது?"

"எங்கயும் போகக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

மதிப்பீட்டாளர் தராசில் ஏதோ கோளாறு இருப்பதுபோல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பளபளா அந்த இரண்டு தட்டையும் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பொருள் மின்னுவது அவருக்குப் பிடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஆஸ்பத்திரி எண்ணை அவள் என்றைக்கோ அதில் பதிந்து வைத்திருந்தாள். பொத்தானை அழுத்தினார். பயம் எங்கும் போய்விடவில்லை.

மணி அடித்துக்கொண்டிருந்தபோது பழக்கதோஷத்தில் இன்னொரு கை ஒரு காசை எடுக்க நீண்டது. டிக்கெட் அக்கா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். தன் வெள்ளைக் கையுறையை எடுத்து, ஒவ்வொரு விரலாக நுழைத்து, அவருக்குப் போட்டுவிட்டாள்.

"ஹலோ" என்றார் பளபளா. "வால்வு மாத்தணும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. தேதி குடுங்கம்மா. எது சீக்கிரமோ அதையே குடுங்க. முடிச்சுட்டு வரணும், எனக்கு வீட்ல வேலை நிறையக் கிடக்கு."