விளிம்பைப் பிடி

என் தங்கை புருஷன் காசைத் தொடுவதென்றால் வெள்ளைக் கையுறை மாட்டுவான். என் தங்கை மேல் கை வைக்க அவனுக்கு வெறுங்கை போதும்.

காசு என்றால் நாம் கடையில் நீட்டுகிற காசு இல்லை. செத்துப்போன ராஜாக்களின் தலை போட்ட பழைய நாணயம். அதை வாங்கி, அதற்கென்றே இருக்கிற ஒரு கம்பெனிக்கு அனுப்புவான். அவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து சீல் வைத்து அனுப்புவார்கள். ஒரு மார்க் ஏறினால் விலை இரண்டு மடங்கு. ஒரு கீறல், ஒரு விரல் ரேகை விழுந்தால் எல்லாம் போச்சு. நானோ வண்டி டிங்கரிங் செய்கிறவன். ஒடுங்கின கதவைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் வண்டிக்காரன் சந்தோஷமாகப் போவான்.

"இதுல அதெல்லாம் நடக்காது மச்சான். தொட்டா கெட்டுச்சு" என்றான், கல்யாணமான புதிதில்.

"அப்போ இதைக் காசுன்னு சொல்லாதீங்க மாப்ள, தொட்டாச்சிணுங்கின்னு சொல்லுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தோம். என் தங்கைதான் அதிகமாகச் சிரித்தாள்.

போன மாதம் அவள் அலமாரி துடைக்கும்போது ஒரு வெள்ளிக் காசு கறுத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். நல்லது செய்வதாக நினைத்து, மெத்தென்ற துணியால் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டாள் பாவி மகள். அந்தக் கறுப்புதான் காசின் வயதாம், விலையே அதற்குத்தானாம். அவன் சத்தம்கூடப் போடவில்லை. எந்த விரலால் துடைத்தாய் என்று கேட்டிருக்கிறான். அவள் காட்டிய விரலைப் பின்பக்கமாக மடக்கி ஒடித்தான்.

கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று எங்களிடம் சொன்னாள். உண்மை தெரிந்த அன்றைக்கு, அவனை வெட்டிப் போடுகிறேன் பார் என்று குதித்தேன். அம்மாவும் அவளும் சேர்ந்துதான் என்னை அமுக்கி உட்கார வைத்தார்கள். "நீ ஜெயிலுக்குப் போயிட்டா எனக்கு யாருண்ணே இருக்கா?" என்றாள். அந்த ஒரு பேச்சுக்குத்தான் அடங்கினேன்.

நேற்று மதியம் பட்டறையில் இருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, வந்து கூட்டிட்டுப் போயிரு. இன்னிக்கே." அவ்வளவுதான், கட்டாகிவிட்டது. சின்ன வயதிலிருந்து எதையும் கேட்டு வாங்கத் தெரியாதவள். கையைக்கூடக் கழுவாமல் கிளம்பினேன். அவளை உயிரோடு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும், வேறெதுவும் எனக்கு வேண்டாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

மூன்றாவது மாடி. பெல் அடித்ததும் கூரியர்காரன் என்று நினைத்து உடனே திறந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் உள்ளே நுழைந்ததும் கதவைப் பூட்டிச் சாவியைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

ஜன்னலோரம் அவன் மேஜை. விளக்கு, பூதக்கண்ணாடி, தராசு, பார்சல் பிரிக்கிற பிளேடு கத்தி. பக்கத்தில் ஒரு குறடு, உடைந்த பிளாஸ்டிக் பெட்டி. கறுப்பு வெல்வெட் துணியின் நடுவே ஒரு தங்கக் காசு, மூடி இல்லாமல், மேலே எதுவும் இல்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. அறுபத்தைந்து மார்க் வாங்கின காசு என்று தங்கை முன்பே சொல்லியிருந்தாள். அறுபத்தாறு கொடுத்திருக்க வேண்டும், கம்பெனிக்காரன் கண் அவிந்து போயிருந்தான் என்பது இவன் கட்சி. அதனால் சீலை உடைத்து மறுபடியும் அனுப்பப் போகிறான். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் செய்கிற சூதாட்டமாம் இது. அந்த ஒரு மார்க் ஏறினால் ஒரு வீடு வாங்கலாம்.

தங்கை சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் திறக்கவே இல்லை.

"என்ன மாப்ள இது?"

"காசு திறந்திருக்கும்போது பக்கத்துல வந்து தும்முறா மச்சான். எச்சில் ஒரு பொட்டு விழுந்தாலும் நாளைக்குப் புள்ளியா தெரியும். எத்தனை தடவை சொல்றது?"

"எழுந்திரு பாப்பா, போகலாம்."

"அவ எங்கயும் வரமாட்டா. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"என் வேலை ஒடுங்கினதைத் தட்டுறது. முதல்ல உன் மூஞ்சியைத் தட்டிட்டுத்தான் மறுவேலை" என்று சட்டையைப் பிடித்தேன். அவன் முழங்காலால் என் வயிற்றில் ஓங்கி இடித்தான். நான் மடங்கி நிமிர்வதற்குள் பிளேடு கத்தி அவன் கையில் இருந்தது. தங்கையை முடியைப் பிடித்துத் தூக்கி, கழுத்தில் வைத்துவிட்டான்.

"ஒரு அடி எடுத்து வச்சீங்கன்னா இழுத்துருவேன் மச்சான். சத்தியமா இழுத்துருவேன்."

இழுப்பான். விரலை ஒடித்தவன்தானே. அப்போதுதான் மேஜை என் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைப் பார்த்தேன். கிரீஸ் அப்பின கையால் அந்தக் காசை எடுத்தேன்.

"ஐயோ!" என்று அலறினான். பெண்டாட்டி கழுத்தில் கத்தி வைத்திருக்கிறவன் போட்ட அலறல் அது. "விளிம்பைப் பிடி! மச்சான், விளிம்பைப் பிடி! மூஞ்சில விரல் படுது!"

கட்டைவிரலை ராஜா முகத்தில் வைத்து நன்றாக அழுத்தினேன்.

"கதவைத் திற. அவளை விடு. உன் ராஜாவைத் தந்துடறேன்."

"முதல்ல துணியில வை. மெதுவா வை. அப்புறம் பேசலாம்."

"டேய், திறடா!"

"வைய்யா கீழே!" கத்தின வேகத்தில் அவன் கை அழுந்தியது. பிளேடு தோலில் இறங்கி, அவள் கழுத்தில் ரத்தம் கோடாக வழிந்தது. அவள் "அண்ணே" என்று மட்டும் சொன்னாள். இவனிடம் பேரம் பேசிக்கொண்டே இருந்தால் இவளைப் பிணமாகத்தான் தூக்கிப் போக வேண்டியிருக்கும் என்று புரிந்துவிட்டது.

காசைக் கூரையைப் பார்த்துச் சுண்டி எறிந்தேன்.

கீழே வழவழப்புக் கல் தரை. அவன் அவளை விட்டான், கத்தியையும் விட்டான், இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு பாய்ந்தான். காசு அவன் விரல் நுனியில் பட்டு எகிறி, ணங்கென்று விழுந்து உருண்டது. அவன் மண்டியிட்டுத் தேடும்போது மேஜையோரம் கிடந்த முக்காலியைத் தூக்கி அவன் தாடையில் போட்டேன். பல் தெறித்தது. இரண்டாவது அடி முதுகில். மூன்றாவதை, அவள் விரலை ஒடித்தானே, அந்த வலது கை மேல் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது இனித்தது. இன்னும் எத்தனை அடித்திருப்பேனோ, தங்கை என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"போதும்ண்ணே! செத்துருவான். உன்னையும் நான் இழக்கணுமா?"

முக்காலியைப் போட்டேன். அவன் பாக்கெட்டில் கை விட்டுச் சாவியை எடுத்தேன். அவன் என்னைத் தடுக்கக்கூட இல்லை. வாயில் ரத்தம் ஒழுக, ஒடிந்த கையை இழுத்துக்கொண்டு, கட்டிலடியில் கிடந்த காசை நோக்கித் தவழ்ந்தான்.

தங்கை அவனுக்கு முன்னால் குனிந்து அதை எடுத்தாள். சமையலறைக்குப் போனாள். போட்டது போட்டபடி ஓடிவிடலாம் என்று நான் கத்தினேன், அவள் கேட்கவில்லை. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரோடு வந்து, அவன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட விரல் மட்டும் தனியே நீட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்களால் காசைத் தேய்க்கத் தொடங்கினாள்.

"வேணாம்மா! உன் கால்ல விழறேன்! தாயே, வேணாம்!" இத்தனை வருஷத்தில் அவளை அவன் அம்மா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவள் அவசரப்படவில்லை. அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்கிற மாதிரி, ராஜாவின் மூக்கு, கண், கிரீடம் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் தேய்த்தாள். பிறகு துப்பட்டாவால் துடைத்து, அவன் இடது உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இந்தாங்க. இப்போ நல்லா துடைச்சிருக்கேன்."

அவள் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். கதவுச் சத்தத்துக்கு அவன் நிமிர்ந்து பார்ப்பான் என்று அவள் ஒரு நிமிஷம் நின்றாள். அவன் ஒற்றைக் கையால் மேஜையைத் துழாவிப் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, காசை விளிம்பில் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து அழுதுகொண்டிருந்தான்.