நூறு கிராம் கழிவு

உடுமலைப்பேட்டைத் தக்காளி மண்டியில் முதலாளி வரதராஜுலு சொன்னதுதான் எடை. தராசு சொல்வதெல்லாம் தராசின் சொந்தக் கருத்து. பதினைந்து கிலோப் பெட்டியைத் தூக்கி வைத்தால் "பதினாலு" என்பார். காம்பு, ஈரம், அழுகல் என்று பெட்டிக்கு ஒரு கிலோ கழிவு. அழுகாத பெட்டிக்கும் உண்டு. நாளைக்கு அழுகாதா என்ன. பெரிய தோட்டக்காரர்களின் பெட்டி ஏறும்போது மட்டும் அவர் நாக்குக்குக் கழித்தல் மறந்துவிடும்.

அந்த மனிதர்தான் தொண்ணூற்றேழில், பொங்கல் முடிந்த கையோடு, பெரிய தக்காளிப் போட்டி வைத்தார். ஒற்றைப் பழம், எது கனமோ அதற்குக் கிரைண்டர் பரிசு. கோயமுத்தூரிலிருந்து புதிதாக வாங்கி வந்த மின்தராசை ஊர் பார்க்க வேண்டாமா?

ராமாத்தாளுக்குக் கிரைண்டரில் ஆசையில்லை. அவள் வீட்டில் கரண்ட் விருந்தாளி மாதிரி, வந்தால் வந்தது. அவளுக்கு வேண்டியது வேறு. பெரிய தோட்டக்காரர் சென்னிமலையிடம் களை வெட்டிக்கொண்டிருந்தவள், துண்டு நிலம் குத்தகைக்குப் பிடித்து, வருஷக்கணக்காக இந்த மண்டிக்குப் பெட்டி போடுகிறாள். தன் சரக்கின் முழு எடையை ஒரு தடவைகூட அவர் வாயால் கேட்டதில்லை. ஒரே ஒரு பழத்துக்காவது அதைக் கேட்டுவிட வேண்டும்.

குன்னூர் பங்களா ஒன்றில் தோட்ட வேலை பார்க்கும் தங்கை கொடுத்த விதை. மூன்று பூ ஒட்டிப் பிறந்ததுபோல் தடித்திருந்த ஒரு பூவை மட்டும் விட்டுவிட்டு, செடியில் மற்றதையெல்லாம் கிள்ளி எறிந்தாள். புண்ணாக்குக் கரைத்து ஊற்றினாள். காயின் கனத்தில் கிளை முறியாமலிருக்கப் பழைய சேலையைக் கிழித்துத் தூளி கட்டினாள். தண்ணீர் ஒரு நாள் கூடினாலும் பழம் வெடித்துவிடும் என்று நெருங்கிய சொந்தத்தில் கல்யாணத்துக்கும் போகவில்லை.

"கொழந்தைக்குச் சளி புடிக்கப்போவுது, போத்தி உடு" என்றான் புருஷன் ஐயாசாமி.

"உங்க போர்வையத்தானுங்க போத்தியிருக்கறேன். பேசாம படுங்க."

போட்டியன்று மண்டியில் ஏலத்துக்கு வந்த பெட்டிகளைவிட வேடிக்கை பார்க்க வந்த தலைகள் அதிகம். சென்னிமலையின் பழம் முதலில் ஏறியது. தராசில் சிவப்பு எழுத்து 960 என்று எரிந்தது. "தொள்ளாயிரத்து அறுவது" என்றார் வரதராஜுலு. கைதட்டினார்கள். இன்னும் நாலைந்து பழங்கள் ஏறி, அரைக் கிலோவோடு வெட்கப்பட்டு இறங்கின.

ராமாத்தாள் துணியைப் பிரித்தாள். அழகான பழம் என்று சொல்ல முடியாது. கோணலும் மடிப்புமாக, அடியில் தழும்போடு, சண்டைக்கு நிற்பதுபோல் இருந்தது. தராசில் வைத்தாள். 1020.

வரதராஜுலு சதி ஒன்றும் செய்யவில்லை; பழக்கம் செய்தது. ராமாத்தாளின் கை, தராசு, தக்காளி மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் நாக்கு தானாகப் புரண்டது. "காம்பு, தழும்பு, ஈரம்... கழிவு நூறு போக, தொள்ளாயிரத்து இருவது."

கூட்டம் தராசை எட்டிப் பார்த்தது. எழுத்துத் தெரியாதவனுக்கும் எண் தெரியும்.

"ஏனுங்க மொதலாளி," என்றாள் ராமாத்தாள், "மிசினு ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க?"

"கழிவும்மா. மண்டி வழக்கம்."

"தோட்டத்து ஐயா பழத்துல கழிக்கலீங்களே."

"அது சுத்தமான பழம்."

சென்னிமலை மீசையைத் தடவிக்கொண்டார். "எங்க தோட்டத்துல களை வெட்டுனவ, இன்னைக்குத் தராசுக்கு நாயம் சொல்ல வந்துட்டா."

"வெட்டுனனுங்க. எல்லாக் களையும் வெட்டலைன்னு இப்பத்தானுங்க தெரியுது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வரதராஜுலு மனசுக்குள் கணக்குப் போட்டார். வாய் தவறிவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒற்றைப் பழத்தில் கழிவில்லை என்று ஒப்புக்கொண்டால், பெட்டி என்பது ஒற்றைப் பழங்களின் கூட்டம்தானே. அவர் கிட்டே வந்து குரலை இறக்கினார்.

"அம்மணி, கிரைண்டர நீயே எடுத்துக்கோ. பொழுதோட ஊட்டுக்கு அனுப்பறேன். இப்பப் பேசாம எறங்கிப் போ."

"கிரைண்டரு நீங்களே வெச்சுக்குங்க. எடையச் சொல்லுங்க."

"நாளைக்கு உன் பெட்டி இங்க எறங்காது. யோசிச்சுக்கோ."

ஐயாசாமி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "வா புள்ள, போயிரலாம்."

"எறங்காட்டிப் போவுதுங்க. எடையச் சொல்லுங்க."

ராமாத்தாள் மண்டி வாசலில் பஜ்ஜிக்கடை போட்டிருந்த அப்துல் நாசரைக் கூப்பிட்டாள். "தம்பி, அந்தக் கத்தியக் குடுங்க."

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. வரதராஜுலு மூன்றடி.

அவள் கத்தியை அவரிடம் நீட்டினாள். "எது கழிவோ நீங்களே வெட்டுங்க. மீதி தொள்ளாயிரத்து இருவது இருந்தா கும்புட்டுப்போட்டுப் போயிடறேனுங்க."

அவர் கையைக் கட்டிக்கொண்டார். அவளே வெட்டினாள். சேலைத் தூளியில் கிடத்தி வளர்த்த பழம். ஐயாசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான். காம்பை எடுத்தாள். 1015. அடித் தழும்பைச் சீவினாள். சரியாக 1000.

"இதுக்கு மேல வெட்டினாச் செவப்புத்தானுங்க வருது. எங்கீங்க மீதிக் கழிவு?"

வரதராஜுலு தராசையே பார்த்துக்கொண்டிருந்தார், கைக்காசு போட்டு வாங்கிய சனியன் என்று. ராமாத்தாள் பழத்தைத் துண்டு துண்டாக நறுக்கினாள். நாசர் கேட்காமலே உப்பும் மிளகாய்த்தூளும் கொண்டுவந்து வைத்தான்.

"எடுத்துக்குங்க. மொதலாளி கழிச்சதும் இதுக்குள்ளதான் இருக்குது. யாரு வாய்க்கு அது வருதுன்னு பாத்துச் சொல்லுங்க."

பெட்டி போட வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டார்கள். புளிப்பே இல்லை, நல்ல இனிப்பு. கிரைண்டர் தனக்குத்தான் இல்லையா என்று சென்னிமலை கேட்டார். எல்லோர் வாயும் நிறைந்திருந்ததால் பதில் வரவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு ஒரு கிழவர் தன் பெட்டியை இழுத்துவந்து தராசில் ஏற்றினார். "மிசினு சொல்றத மட்டும் சொல்லுங்க மொதலாளி." அவருக்குப் பின்னால் இன்னொரு பெட்டி வந்து நின்றது. அதன் பின்னால் வரிசை வளர்ந்தது.

ராமாத்தாள் கத்தியைக் கழுவிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏனுங்க, நின்னுட்டே இருக்கறீங்க. நம்ம பெட்டியையும் கொண்டாந்து வையுங்க. நாளைக்குத்தான் எறங்காதுன்னாரு, இன்னைக்கு இல்ல."