ஆலுவோச் போட்ட ஒரு பிடி

மழை பிடித்துப் பத்து நாளாகிவிட்டது. ஆலுவோச்சுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் உகாலிக் களியைக் கிண்டுவாள், பாதியில் விட்டுவிட்டு வயலோரம் போய் நிற்பாள். சொட்டச் சொட்ட நனைந்த மண், விதையில்லாமல் சும்மா கிடந்தது.

மூன்று வருஷமாக அந்த வயலைக் காயோங்கோதான் தின்றது. பார்க்க அழகான ஊதாப்பூ, பாழாய்ப்போன களை. மக்காச்சோளத்தின் வேரில் வாயை வைத்து உறிஞ்சிவிடும். போன வருஷம் அவள் வீட்டுக்கு வந்தது ஒன்றரை மூட்டை. இந்த வருஷமும் போனால் வயலை விட்டுவிட்டு மகன் வீட்டில் போய்க் கையேந்த வேண்டியதுதான். செத்தாலும் அதற்கு அவள் தயாரில்லை.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பெண் நெகேசா சொன்னது அவள் மனசில் அப்படியே பதிந்திருந்தது.

"பசியெடுத்தா சோள வேரு ஒரு ரசாயனத்தை மண்ணுக்குள்ள கசிய விடும்மா. ஸ்ட்ரைகோலாக்டோன்னு பேரு. நல்ல பூஞ்சையை உதவிக்குக் கூப்பிடத்தான். இந்தக் களை விதை அதை ஒட்டுக்கேட்டு முளைச்சு வந்துடும். நாங்க அதே மாதிரி ஒரு மருந்து செஞ்சிருக்கோம். மண்ணு பத்து நாள் நல்லா ஊறினதும் தெளிப்போம். விதை ஏமாந்து முளைக்கும். தின்ன வேர் இல்லேன்னா செத்துப்போகும். ரெண்டு வாரம் கழிச்சு நீங்க விதைக்கலாம். அதுவரைக்கும் ஒத்தைச் சோளம்கூட இருக்கக்கூடாது."

அந்தப் புண்ணியவதி நெகேசாவுக்கு ஒன்று மட்டும் தெரியாது. முதல் மனைவியான ஆலுவோச் தன் வயலில் விதைக்காமல் அந்தக் குடும்ப வளாகத்தில் வேறு யாரும் விதைக்கக் கூடாது. மீறினால் சீரா என்ற சாபம் பிடிக்கும், பிள்ளைகள் மெலிந்து சாகும். புருஷன் போய் ஆறு வருஷமாகியும் இந்த முறை மாறவில்லை. ஆலுவோச்சுக்கும் மருந்தின் ஆசையில் அது உறைக்கவில்லை.

அன்று காலை இளைய மனைவி அபோந்தி, விதைக்கூடையோடு வந்து வாசலில் நின்றாள்.

"என்னக்கா, மகாராணி இன்னும் எழுந்திருக்கலியா? ஊரே விதைச்சு முளைக்க விட்டாச்சு!"

"ரெண்டு வாரம் பொறுடி."

"மழை பொறுக்குமா? உன் வயலு சுத்தமாகணும், என் நாலு பிள்ளைங்க மண்ணைத் திங்கணுமா? நீ முதல்ல வந்தவ. அதுக்காக எங்க தலையில மண்ணை அள்ளிப் போடுவியா?"

கத்திக்கொண்டே வந்தவள் கடைசியில் அழுதுவிட்டாள். ஆலுவோச் உள்ளே போய் ஒரு பிடி விதையை அள்ளினாள். வீட்டுக் கொல்லையில் போட்டால் செல்லாது. அவளுடைய வயலில்தான் விழ வேண்டும். கிழக்கு மூலையில் குழி பறித்துப் போட்டு மூடினாள்.

"போ. போய் விதை."

மத்தியானத்துக்குள் வளாகமே வயலில் இறங்கிவிட்டது.

மறுநாள் நெகேசா தெளிப்பானோடு வந்தாள். "எதுவும் விதைக்கலியே?"

"இல்ல." சொன்ன வாய் அவளுக்கே கசந்தது. உண்மையைச் சொன்னால் மருந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாளே!

அப்புறம் அவளுக்கு நிம்மதி ஏது? ரெண்டு வாரம் கழித்து மிச்ச வயலை விதைத்தாள். தினமும் விடிந்ததும் ஓடுவாள், ஒவ்வொரு பயிரின் அடியிலும் குனிந்து பார்ப்பாள். ஒரு பிடியால் முழுவயலும் போச்சோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஜூலையில் பதில் வந்தது. வயல் முழுக்கக் கரும்பச்சை. கிழக்கு மூலையில் மட்டும் பன்னிரண்டு பயிர் சுருண்டு மஞ்சளாகி, காலடியில் ஊதாப்பூ மண்டிக் கிடந்தது. வரப்புக்கு அப்பால் அபோந்தியின் வயலோ, ஐயோ, ஒரே ஊதா!

அந்தப் பூ விதையானால் ஒரு செடியிலிருந்தே ஆயிரமாயிரம் கொட்டும். மறுநாள் விடிந்ததும் பிடுங்கிப்போட ஆலுவோச் சாக்கோடு போனாள். மூலையில் ஏற்கெனவே யாரோ குனிந்திருந்தார்கள். அபோந்தி! பாதிக்குமேல் பிடுங்கிச் சாக்கில் திணித்திருந்தாள்.

"உன் வயலே அப்படிக் கிடக்கு. இங்க என்னடி பண்றே?"

அபோந்தி நிமிரவில்லை. "அது போனது போச்சு. இது எனக்காக நீ போட்டதுதானே."

ஆலுவோச் சாக்கைக் கீழே போட்டாள். பக்கத்தில் குந்தி அவளும் பிடுங்கத் தொடங்கினாள்.

"அடுத்த மழைக்கு நீ நேரத்தோட விதைச்சிடுக்கா," என்றாள் அபோந்தி. "அந்தப் பொண்ணை என் வயலுக்கு வரச் சொல்லு. நான்தான் கடைசி, எனக்குப் பின்னாடி விதைக்கக் காத்திருக்கிறவங்க யாரும் இல்ல. நான் வயலைச் சும்மா போட்டு ரெண்டு வாரம் காத்திருக்கேன்."

மூலை முடிந்ததும் ஆலுவோச் தன் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வரப்பைத் தாண்டி அபோந்தியின் வயலில் இறங்கினாள்.