சனிக்கிழமை என்று சொன்னவள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் மனைவிதான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தடயவியல் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. உடம்பு அழுகிப்போய், சோதிக்க ரத்தமே மிஞ்சாதபோது, அதைத் தின்ற புழுக்களை அரைத்து, இறந்தவர் என்ன மருந்து சாப்பிட்டிருந்தார் என்று பார்ப்பாள். (சாப்பிடும்போது அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அன்று அவளே மீறினாள்.)

2

'வாடகை அறையில் தனியாக வாழ்ந்த தையல்காரர் ஒருவர்...'

வேண்டாம். கதை அவருடையது அல்ல, அவருடைய அக்காவுடையது. ஞாயிறுதோறும் தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர், ஏதோ சண்டையில் ஒரே ஒரு ஞாயிறு போகவில்லை. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் அறைக் கதவை உடைத்தார்கள்.

அக்கா ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்.

"மேடம், ஞாயித்துக்கிழமை அவன் உசுரோட இருந்தானா? அத மட்டும் சொல்லுங்க."

புழுவின் நீளத்தை வைத்து அதன் வயதைச் சொல்லலாம். அதிலிருந்து இறந்த நாளையும். மருந்துச் சோதனை முடியும்வரை என் மனைவி வாயைத் திறந்திருக்கக் கூடாது. அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"சனிக்கிழமையே போயிட்டாரு அக்கா. நீங்க போயிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். (கொஞ்சம் சினிமாவாக இல்லையா என்று கேட்டேன். "இந்தக் கைதான்" என்று நீட்டிக் காட்டினாள்.)

3

மறுவாரம் முடிவு வந்தது. புழுக்களில் தூக்க மாத்திரை. அந்த மாத்திரை ஊறிய உடம்பைத் தின்னும் புழு மளமளவென்று வளர்ந்து, தன் வயதைக் கூட்டிக் காட்டும். கணக்கைத் திருத்தினால் சனி நகர்ந்து திங்கள் ஆகிவிடுகிறது. எத்தனை மாத்திரை, தெரிந்தா தெரியாமலா என்பதையெல்லாம் புழு சொல்லாது.

"ஊருக்கே கதை எழுதுறீங்களே, அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு எனக்கு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க" என்றாள்.

'சோதனை முடிவுகள் சில சமயம்...' அடித்துவிட்டேன்.

'நீங்கள் போயிருந்தாலும் ஒருவேளை...' பொய்.

'உங்கள் மேல் எந்தத் தப்பும்...' அதைச் சொல்ல நான் யார்?

"அறிக்கைல திங்கள்னு போட்டுட்டு விட்டுடேன். அவங்க எங்க படிக்கப்போறாங்க?" என்றேன்.

"போலீஸ்ல யாராவது படிச்சுக் காட்டிடுவாங்க. என் வாயால சொன்னத என் வாயாலதான் திருத்தணும்."

4

முடிவு அ: அவள் சொல்லவில்லை, அக்கா நிம்மதியாக இருக்கிறார். இதை எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? எழுதினால் அந்த அக்காவிடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது பொய் போகும்.

முடிவு ஆ, இன்று காலை நடந்தது. என் தாளை வாங்கிப் படித்தாள், மடித்துத் திருப்பிக் கொடுத்தாள், போனை எடுத்தாள்.

"அக்கா, நான் அவசரப்பட்டுத் தப்பா சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை அவரு இருந்தாரு."

பிறகு போனைக் காதில் வைத்தபடி வெகுநேரம் நின்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நாலு வரியில் அழகாக இட்டுக்கட்ட எனக்குத் தெரியும். அந்த அக்காவின் வாயில் வார்த்தையைப் போட மனம் வரவில்லை. கூடப்பிறந்தவரோடு பேச்சுவார்த்தை இல்லாத யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அக்காவின் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னால் முடியவில்லை.