ஐம்பது வரை எண்ணியவர்

கோடை லீவு முழுக்கப் பேத்தியைப் பார்த்துக்கொள்ள முசிறியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வந்திருந்தார் ராசப்பன். மகள் ஜோதி மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறாள். மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை.

பேத்தி தேவதர்ஷினிக்கு ஆறு வயது. அவளுடைய அப்பாவைப் பெற்ற தாத்தா சென்ற மாதம்தான் பெங்களூருக்குக் கூட்டிப்போய் எல்லா ராட்டினத்திலும் ஏற்றி இறக்கியிருந்தார். ராசப்பனுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. தினமும் சாயங்காலம் அடுக்குமாடியின் கீழே, வண்டி நிறுத்துமிடத்தில் ஒளிந்து விளையாடுவார்கள். தூணில் முகத்தைப் புதைத்து அவர் ஐம்பது வரை எண்ணுவார். அவள் ஒளிவாள்.

அன்று நாற்பத்து மூன்று எண்ணும்போது போன் அடித்தது. அவரோடு முப்பது வருஷம் ஒரே டெப்போவில் பஸ் ஓட்டிய விக்டர். ரொம்ப நாளைக்கப்புறம் கேட்ட குரல். பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டி, டீக்கடைக்குப் போய், ஒரு டீயும் குடித்து, சிரித்தபடி மாடியேறினார். கதவைத் திறந்து ஃபேனைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் வீட்டின் அமைதி உறைத்தது.

முக்கால் மணி நேரம்.

எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. "பாப்பா! பாப்பா!" தண்ணி மோட்டார் ரூம் கதவுக்குப் பின்னால், வியர்வையில் கவுன் ஒட்டிப்போய், இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள். முகம் சிவந்து கிடந்தது.

"நான் சத்தமே போடல தாத்தா! எங்கெல்லாம் தேடுனீங்க?"

"மொட்டை மாடி வரைக்கும் தேடினேன்மா" என்றார். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

ஜோதி வந்ததும் குழந்தை அதையே நாலு தடவை சொல்லிக் குதித்தாள். ஜோதி இட்லி வைத்தபடி சிரித்தாள். "பெங்களூர் போய் வந்ததைக்கூட இவ இவ்வளவு பேசலப்பா. நீங்க இருக்கறதால நான் நிம்மதியா வேலைக்குப் போறேன்."

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார் ராசப்பன். எத்தனையோ ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டியவர், ஒரே ஒரு பிள்ளையை மறந்துபோனார். அதை மறைத்துப் பாராட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறார். கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"நான் தேடல ஜோதி. போன் பேசிக்கிட்டு டீக்கடைக்குப் போயிட்டேன். புள்ளைய மறந்துட்டேன். இந்த வெயில்ல அந்த ரூம்ல..."

ஜோதியின் கை கரண்டியோடு நின்றது. அவள் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. மகளை இழுத்து, நெற்றியையும் கழுத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்பாவை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

தேவதர்ஷினிதான் கேட்டாள். "அப்ப நான் ஜெயிக்கலையா தாத்தா?"



மறுநாள் அவள் கீழே வரமாட்டேன் என்றாள். ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகப் படம் வரைந்தாள். கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. அதற்கு மறுநாள் அவளே வந்து அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க தாத்தா. இனிமே நான்தான் எண்ணுவேன். நீங்க ஒளிங்க."

சந்தோஷப்படக்கூடக் கூச்சமாயிருந்தது அவருக்கு. தலையைக் குனிந்தபடி அவள் பின்னால் இறங்கினார்.