வால் வெட்டினது

காலையில் சோதனை முடிவு பதிந்த எக்ஸ்ரே படலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த நெட்டை, ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உயரத்தால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அந்தப் பெயர். வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு பட்டை.

அவள் கட்சி இதுதான். நம் செல்லுக்குள் டிஎன்ஏ நூல், ஹிஸ்டோன் என்கிற புரத உருண்டைகளைச் சுற்றிக் கிடக்கிறது. ஒவ்வொரு ஹிஸ்டோனுக்கும் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு வால். அந்த வாலில் நொதி ஒன்று சின்ன ரசாயனப் புள்ளி வைத்தால் சுற்றுத் தளர்ந்து, அங்கிருக்கும் மரபணு வேலையைத் தொடங்கும். தன் நொதி வாலில் மட்டுமே புள்ளி வைக்கும், உடம்பைத் தொடாது என்று வருஷக்கணக்காக ஒற்றைக் காலில் நிற்கிறாள். புள்ளி விழுந்தால் படலத்தில் கரும்பட்டை தெரியும்; வாலை நறுக்கிய ஹிஸ்டோனில் அது விழவே கூடாது. விழுந்திருந்தது. சாயங்காலம் பேராசிரியர் பார்க்க வருவார்; இந்தப் பட்டை நிலைத்தால் ஆய்வை மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, நொதிக்கு அக்கா மேல் என்ன கோபமோ என்றாள். சேர்ந்த வாரத்திலேயே பேராசிரியரின் நாற்காலியை ஏற்றி வைத்து, அவர் கால் தரையில் எட்டாமல் செய்த மகராசி அவள். அன்றிலிருந்து எல்லாருக்கும் அவள் ‘வால்’தான்.

நெட்டை சிரிக்கவில்லை. மறுபடி பார்த்தாள். சின்னப் புரதம்தான் படலத்தில் கீழே தெரியும்; ஆனால் வாலோடு இருந்த ஹிஸ்டோனும், வாலில்லாததும் ஒரே மட்டத்தில் நின்றன. வால் போனால் ஆள் குட்டையாகி இன்னும் கீழே அல்லவா இறங்கியிருக்க வேண்டும்?

“மூடியில ‘வால் வெட்டினது’ன்னு இருந்த குழாயத்தானே எடுத்தேன்?”

“அது என்னோடதுக்கா. நான் வெட்டினது.”

“நீ எதடி வெட்டின?”

“நூல. டிஎன்ஏவ வெட்டி எறிஞ்சிட்டு உருண்டைய மட்டும் வச்சிருக்கேன்.”

“அப்போ வாலு?”

“பத்திரமா இருக்கு. நானும் நல்லாத்தான் இருக்கேன்.”

நெட்டை அவள் முதுகில் ஒன்று வைத்துவிட்டு உறைபெட்டியைக் குடைந்தாள். நெட்டையின் சொந்தக் குழாய் அடித்தட்டில், அதே வாசகத்தோடு, பனி மூடிக் கிடந்தது. இருவரும் சாப்பாட்டை மறந்து சோதனையை முதலிலிருந்து ஓட்டினார்கள்.

பேராசிரியர் வந்ததும் காலையில் நடந்த கூத்தை நெட்டை ஒளிக்காமல் சொன்னாள். அவர் புதுப் படலத்தை முன்னும் பின்னும் திருப்பினார்.

“இங்க ஒண்ணுமே இல்லையேம்மா.”

“ஆமா சார்.”

“புரதம் போட்டியா, இல்ல அதையும் மறந்துட்டியா?”

புரதம் இருக்கும் இடத்தைக் காட்டும் சாயம் ஏற்றிய தாளை நீட்டினாள். புரதம் இருந்தது, ஒரு சாண் குட்டையான தம்பி மாதிரி, சற்றுக் கீழே. அதன் மேல்தான் புள்ளி இல்லை.

அவர் படலத்தைத் தாளின் மேல் பொருத்தி வைத்துப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லாததக் காட்டிட்டு இவ்வளவு சந்தோஷப்படுற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்” என்றார். “சரி, கட்டுரைய எழுத ஆரம்பி.”